எச்சில் சாயம்

ஆலங்கிணற்றில் மஞ்சரியைப் பார்த்துத் துப்பிய எச்சில் சாயமாக மாறத் தொடங்கியது ஓர் ஆடி வெள்ளியன்று. காற்று ஊர்ப் புழுதியை எல்லாம் அள்ளி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், அவள் எப்போதும் போலக் குடையை விரித்துக்கொண்டு, எப்போதும் போலக் கண்ணுக்கு மையும் உதட்டுக்குச் சிவப்பும் இட்டுக்கொண்டு கடைத்தெருவில் வந்துகொண்டிருந்தாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எப்போதும் போலக் காப்பிக் கடை வாசலில் நின்று காறித் துப்பினார், எச்சில் வாய்க்கால் கல்லில் விழுந்தது, விழுந்த இடத்தில் மாதுளை முத்தை நசுக்கியது போலச் சிவந்து, கெட்டிப்பட்டு, பளபளவென்று உட்கார்ந்துகொண்டது. தலைமையாசிரியர் குனிந்து பார்த்தார், வெற்றிலை போட்டோமா என்று யோசித்தார், போடவில்லை என்று நினைவு வந்ததும் காப்பியைக் குடிக்கப் போய்விட்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதற்கும் ஆச்சரியப்படத் தெரியாது, அருவருப்புப்பட மட்டும்தான் தெரியும்.

நான் மைதீன் பாய் தையல் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறவள். கொக்கிகளை ஒரு கை நிறைய வாயில் போட்டு அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் முன்னே தள்ளி எடுத்துத் தைப்பது என் பழக்கம், அதனால் நான் யாரையும் பார்த்துத் துப்பியதில்லை. அதை ஒரு புண்ணியமாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன், வாய் நிறையக் கொக்கி இருந்தால் யாருக்குத்தான் துப்ப வரும். மஞ்சரி அதே கடையில் துணி வெட்டுகிறவள். ஆணாகப் பிறந்தாள் என்று ஊர் சொல்லும், பெண்ணாகத்தான் பிறந்தேன், பார்த்தவர்களுக்குத்தான் கண் சரியில்லை என்று அவள் சொல்வாள். ஊரில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அவள் கத்தரியில் பிறந்தது. மார்போடு ஒட்டிக் கிடக்கிற துணியை அவள் கையால் வெட்டி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், அவள் நிழல் மட்டும் மேலே படக் கூடாது, அப்படி ஒரு சுத்தம் எங்கள் ஊர்ச் சுத்தம்.

அவள் கையோடு ஒரு பெட்டி கொண்டுவருவாள். அறையில் வைத்துவிட்டு வந்தால் திரும்பிப் போகும்போது இருக்குமோ இருக்காதோ என்ற பயம். பெட்டி என்றால் கடையில் விற்கிற அலங்காரப் பெட்டி இல்லை, மைதீன் பாய் வேண்டாமென்று போட்ட தகர நூல்கண்டுப் பெட்டி, உள்ளே கண்டுகள் நிற்பதற்கு வரிசையாகக் குழிகள் இருக்கும், அந்தக் குழிகளை அவள் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தாள். முதலில் ஒரு கண்மை, அப்புறம் புருவத்துக்கு ஒரு பென்சில், அப்புறம் திருச்செந்தூர்க் கடற்கரையில் வாங்கிய ரோஸ் பவுடர், அப்புறம் மூன்று சிவப்பு. மூன்றும் எனக்கு ஒரே சிவப்பு, அவளுக்கு ஒன்று திங்கட்கிழமைச் சிவப்பு, ஒன்று மழைநாள் சிவப்பு, ஒன்று யாருடனாவது சண்டை போடப் போகிற சிவப்பு. ஜாக்கெட் தோளுக்கு உள்ளே வைக்கிற பஞ்சை வட்டமாக வெட்டி அவளே செய்த ஸ்பாஞ்சு ஒரு குழியில் இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் ஒரு லிப்ஸ்டிக் இருக்கும், அது உதட்டுக்கு இல்லை, தாடையில் மழித்த முடியின் பச்சை நிழல் தெரியாமல் இருக்க முதலில் அதைத் தொட்டுத் தொட்டு வைத்துப் பரப்பி, அதன்மேல் மற்றதைப் பூச வேண்டும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, அளவு பார்க்கும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் தன் முகத்துக்கு எழுதுவதைப் பார்க்க வேண்டும், எனக்குத் தெரிந்து ஆலங்கிணற்றில் அவ்வளவு சந்தோஷமாக எந்தப் பெண்ணும் தன் முகத்தைப் பார்த்ததில்லை.

ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது. அது அவள் தோல் நிறத்து ஃபவுண்டேஷனுக்கு. மஞ்சரியின் நிறம் பாலூற்றாத கருப்பட்டிக் காப்பி நிறம். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட சாமான் விற்கிறவர் ஃபேன்சி ஸ்டோர் ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒருவர்தான். எல்லாப் பெண்களும் புறங்கையில் தொட்டுப் பார்த்து வாங்குவார்கள், இவள் கையை நீட்டினால் மட்டும் அவர் குப்பியைப் பின்னால் இழுத்துக்கொள்வார், நீ தொட்டால் பிறகு எவள் வாங்குவாள் என்பார். திருநெல்வேலிக்குப் போனாள், அங்கே தொட்டுப் பார்க்க விட்டார்கள், ஆனால் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரியின் பேத்திகள் பூசுகிற நிறம். இருப்பதைப் பூசினால் முகம் மட்டும் திருநீறு பூசியது போல வெளுத்துக் கழுத்து தனியாக நிற்கும்.

"லூர்தக்கா, அந்த ஒண்ணு மட்டும் கெடச்சிட்டுன்னு வைங்க, எங்க எம்முகம் முடியுது, எங்க கழுத்து ஆரம்பிக்குன்னு ஒருத்தனாலயும் சொல்ல முடியாது" என்பாள் என்னிடம். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். வேறு எதையும் அவள் ஆலங்கிணற்றிடம் கேட்கவில்லை.

தலைமையாசிரியர் துப்பியதற்குப் பிறகு எல்லார் எச்சிலும் சாயமாயிற்று. பழக்கத்தில் துப்பியவர்களுக்கு வெளிர் ரோஸ் வந்தது, பயத்தில் துப்பியவர்களுக்குக் கத்தரிப்பூ நிறம் வந்தது, நாலு பேர் பார்க்கிறார்களே என்று துப்பியவர்களுக்கு இளஞ்சிவப்பு வந்தது, மனதாரத் துப்பியவர்களுக்கு மட்டும்தான் அந்த மாதுளைச் சிவப்பு. இன்னொன்றும் வந்தது, தங்க நிறம், தூளாக மின்னும். அது யாருக்கு வருகிறது என்பதை மஞ்சரி சீக்கிரமே கண்டுபிடித்து என்னிடம் சொன்னாள்: ராத்திரி அவள் கதவைத் தட்டிவிட்டு, அவள் திறக்காமல் போனதால், மறுநாள் பகலில் தெருவில் நின்று துப்புகிறவர்களுக்கு. எங்கள் ஊரில் தங்க நிறத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆவுடையப்பன் அண்ணாச்சியின் எச்சிலும் தங்கம்தான்.

மஞ்சரி அதில் ஒன்றையும் தொடவில்லை. ஆசை இல்லாமல் இல்லை, முதல் நாள் அந்த வாய்க்கால் கல்லுக்குப் பக்கத்தில் குடையோடு குந்தி, அந்தச் சிவப்பை அவள் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன், பசித்தவள் பந்தியைப் பார்ப்பது போல. அப்படி ஒரு சிவப்பு அவள் பெட்டியில் ஒருநாளும் இருந்ததில்லை. பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், எழுந்துவிட்டாள்.

"நல்ல கலருக்கா. ஆனா அடுத்தவன் எச்சிலுல்லா" என்றாள்.

அவளுக்கு இருந்த அந்த அறிவு ஊருக்கு இல்லை. கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி அந்தச் சிவப்பைக் குச்சியால் சுரண்டி நகத்தில் தேய்த்துக்கொண்டாள், அது ஒரு வாரம் ஆகியும் போகவில்லை, சோப்புக்கும் போகவில்லை, சீயக்காய்க்கும் போகவில்லை, அவ்வளவுதான், அடுத்த வாரம் ஆவுடையப்பன் அண்ணாச்சி கரண்டியும் கத்தியும் கொடுத்து ஆட்களைத் தெருவில் இறக்கிவிட்டார். சுரண்டியதைக் கண்ணாடிச் சிமிழில் அடைத்து, மேலத்தெருச் சிவப்பு என்றும் ரத வீதி ரோஸ் என்றும் தெருவாரியாகப் பேர் எழுதி ஒட்டி விற்றார், ஏனென்றால் எங்கள் ஊரில் எச்சிலுக்கும் சாதி உண்டு. சிமிழ்தான் தெருவாரியாக இருந்தது, கடைப் பின்கட்டில் நிறத்துக்கு ஒரு குண்டான் வைத்து எல்லாத் தெரு எச்சிலையும் அதில் போட்டுத்தான் கலக்கினார்கள். கலக்கியவள் என் நாத்தனார் மகள், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இது எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால்தான் என் குமட்டல் உங்களுக்குப் புரியும். சம்பந்தி வீட்டிலும் டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிற ஊர் இது. பெற்ற பிள்ளை கடித்த முறுக்கைத் தாய் தின்ன மாட்டாள். அந்த ஊரில் குருக்கள் வீட்டு மருமகள் கறிக்கடைக்காரர் எச்சிலை உதட்டில் பூசிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள், கறிக்கடைக்காரர் மனைவி தலைமையாசிரியர் எச்சிலைக் கன்னத்தில் தடவிக்கொண்டாள், யார் எச்சில் யார் உதட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்களும் கேட்கவில்லை, அழகாக இருக்கிறதா இல்லையா என்பதுதான் பேச்சு. புருஷன் எவள் கதவைத் தட்டினான் என்று அறியாமல் பெண்டாட்டிகள் அந்தத் தங்கத்தை இமையில் இட்டுக்கொண்டு கல்யாண வீடுகளில் மின்னினார்கள். நான் ஜாக்கெட்டுக்கு அளவு பார்க்கும்போது அந்த முகங்கள் என் மூக்குக்கு நேராக வரும், கொக்கியை விழுங்கிவிடாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஊர் இதையும் தன் வழக்கங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அவள் வேலைக்கு வரும் நேரத்துக்கு வீட்டு வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கோலம் போடுகிற இடத்தில் வாழையிலை விரித்தார்கள், இலையில் துப்பினால் சுரண்டுவது சுலபம். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகளையும் கூட்டிவந்து வரிசையில் நிறுத்தினார்கள். உடம்பு முடியாமல் படுக்கையில் கிடந்தவர்களை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ஊர்க் கூட்டம் போட்டு, மஞ்சரி விடுப்பு எடுக்கக் கூடாது என்று மைதீன் பாயிடம் சொல்லியனுப்பினார்கள். அவர் அதை அவளிடம் சொல்ல வெட்கப்பட்டு, வெற்றுத் துணியை அரை மணி நேரம் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் வேறு வழியாக வரலாம்தான், ஆனால் எங்கள் ஊரில் எல்லாத் தெருவும் கடைத்தெருவில்தான் வந்து முட்டும். குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு வரிசை வாழையிலைக்கும் நடுவில், நேராகப் பார்த்தபடி அவள் நடந்து வருவாள். கடைக்குள் நுழைந்ததும் கைகாலைக் கழுவிக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்காருவாள், பெட்டியைத் திறப்பாள், அழிந்திருந்தால் மறுபடி எழுதிக்கொள்வாள்.

"இது மட்டும் இல்லன்னா நான் என்னிக்கோ செத்திருப்பேங்க்கா" என்று ஒருநாள் ஸ்பாஞ்சைக் கன்னத்தில் ஒற்றியபடி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பிறகு சாயம் வற்றத் தொடங்கியது. அதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அவள் வருவதைப் பார்த்தால் இப்போது வாயில் எச்சில் ஊறியது, மனதில் அருவருப்பு ஊறவில்லை. வாம்மா மஞ்சரி என்றார்கள், சாப்பிட்டாயா என்றார்கள், உனக்கு இந்தச் சேலை எடுப்பாக இருக்கிறது என்றார்கள், சொல்லிவிட்டுத் துப்பினார்கள், இலையில் வெறும் எச்சில் கிடந்து ஈ மொய்த்தது. இதை அன்பு என்று நினைத்துவிடாதீர்கள், கறவை வற்றினால் பால்காரன் மாட்டைத் தடவிக்கொடுப்பான், அந்த அன்பு. அதைவிட அவர்கள் முன்பு துப்பியதே யோக்கியமாக இருந்தது.

தை மாதத்தில் ஆவுடையப்பன் அண்ணாச்சி மகள் வினோதாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். முகூர்த்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க அவளும் அவள் அம்மாவும் அத்தைமாரும் கடைக்கு வந்திருந்தார்கள், எல்லார் உதட்டிலும் சிவப்பு, எல்லார் இமையிலும் தங்கம். வினோதாவின் இமையில் இருந்தது தனித் தங்கம், அண்ணாச்சி தன் எச்சிலை மட்டும் கலக்காமல் தனிச் சிமிழில் சேர்த்து, சொந்த வீட்டு எச்சில், தோஷமில்லை என்று மகளுக்குக் கொடுத்தது. அந்தப் பெருமையை அவரே ஊரெல்லாம் சொல்லியிருந்தார். மைதீன் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். மஞ்சரி வினோதாவின் கைப்பக்கம் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி ஒரு பையோடு உள்ளே வந்தார்.

"மஞ்சரியம்மா, ஒரு ஒதவி செய்யணும்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"கல்யாணத்துக்கு வாரவங்களுக்குத் தாம்பூலப் பையில ஆளுக்கொரு சிமிழ் வச்சுக் குடுக்கதா சொல்லிட்டேன். சரக்கு இல்ல. ஒங்களப் பாத்தா இப்ப யாருக்கும் வர மாட்டேங்கு."

"என்ன வர மாட்டேங்கு?"

"அதான்... அந்த இது."

"அருவருப்பா?"

வார்த்தையைத் தான் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று அண்ணாச்சிக்கு நிம்மதி. பையிலிருந்து ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட சாரம் ஒன்றையும் ஒரு கறுப்புப் பென்சிலையும் எடுத்து வெட்டுமேஜை மேல் வைத்தார். "ஆமா. நீங்க ரொம்ப அழகாப் போட்டுப் போட்டு எல்லாருக்கும் கண்ணு பழகிட்டு. கல்யாணத்தன்னிக்கி மண்டப வாசல்ல ஒக்காருங்க. சேல வேண்டாம், இந்தச் சாரத்தக் கட்டிக்கிடுங்க. ஒதட்டுல சிவப்பு இருக்கட்டும், அதுக்கு மேல இந்தப் பென்சில வச்சு ஒரு மீச வரஞ்சுக்கிடுங்க. அப்பத்தான் பாக்கவங்களுக்குக் கொமட்டும்."

என் நாக்கில் ஒரு கொக்கி குத்தியது. மஞ்சரி கையிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக ஊசித் திண்டில் குத்தி வைத்தாள்.

"அண்ணாச்சி, நான் இத இட்டுக்கிடுதது எனக்குப் பிடிச்சிருக்குன்னு. கண்ணாடியில என்னப் பாத்தா எனக்குச் சந்தோசமா இருக்குன்னு. ஒங்களுக்குக் கொமட்டணும்னு ஒருநாளும் இட்டதில்ல. இனியும் இட மாட்டேன்."

"ஒனக்கு என்னட்டி சந்தோசம்?" வாங்க போங்க எல்லாம் அந்த ஒரு கேள்வியில் காணாமல் போயிற்று. "ஊர் துப்புனதுனாலதான் ஒனக்கு ஒரு மதிப்பு, தெரிஞ்சுக்க. எம்பொண்ணு கல்யாணம் ஒன் சந்தோசத்துக்காக நிக்கணுமா?"

மஞ்சரி அவரைப் பார்க்கவில்லை, அவர் மனைவியைப் பார்த்தாள். "மதினி, தங்கம் யாருக்கு வருதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? ராத்திரி வந்து எங்கதவத் தட்டுதவங்களுக்கு. நான் தெறக்க மாட்டேன், மறுநா பகல்ல துப்புவாங்க, அவங்களுக்கு மட்டுந்தான் தங்கம் வரும். வேற யாருக்கும் வராது."

அண்ணாச்சியின் மனைவி மகளின் இமையைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். "என்னங்க?" என்றாள். அத்தைமார் இரண்டு பேரும் ஒருவர் இமையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சியின் பதில் காலில் வந்தது. கண்ணாடியடியில் திறந்திருந்த பெட்டியை எத்திவிட்டார். மூடி ஒரு பக்கம் மல்லாந்து விழுந்தது, பெட்டி ஒரு பக்கம் கவிழ்ந்தது, திங்கட்கிழமைச் சிவப்பும் மழைநாள் சிவப்பும் மூடி தெறித்து உடைந்தன, ரோஸ் பவுடர் வெட்டுத்துணி மேலெல்லாம் பறந்தது, அந்தப் பஞ்சு ஸ்பாஞ்சு தையல் இயந்திரத்தின் அடியில் உருண்டு எண்ணெய்ப் பிசுக்கில் போய் நின்றது. எத்தனை வருடம் ஒவ்வொரு குழியாக நிரப்பினாள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான், எனக்கு அழுகை முட்டியது.

மஞ்சரி அழவில்லை. அவள் அண்ணாச்சியின் காலைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், நெற்றியில் இட்டிருந்த சந்தனத்தைப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க அவள் மனதில் அருவருப்பு ஊறியது. அந்த ஊரில் அத்தனை பேர் எச்சிலுக்கும் நடுவில் நடந்து வந்தவள், அதுவரை யாரையும் பார்த்துத் துப்பியதில்லை. அப்போது துப்பினாள், மனதாரக் காறி, அவர் காலடியில். அது மல்லாந்து கிடந்த தகர மூடிக்குள் விழுந்தது.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள், அண்ணாச்சிதான் முதலில் குனிந்தார், அந்த நேரத்திலும் வியாபாரி வியாபாரிதான். மூடியில் சிவப்பும் இல்லை, தங்கமும் இல்லை. பழுப்பாக, கெட்டியாக, மினுக்கமே இல்லாமல் ஒரு நிறம் உட்கார்ந்திருந்தது.

"சீ, சாணி மாதிரி இருக்கு. இத எவ வாங்குவா?" என்றார் அண்ணாச்சி.

அவர் வாயை மூடுவதற்குள் வினோதா, "யம்மா, கண்ணு ஈரமா இருக்கு" என்றாள். இமையிலிருந்து தங்கம் வழிந்தது, தங்கமாக இல்லை, எச்சிலாக. அத்தை ஒருத்தி உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அலறினாள். தெருவிலும் அலறல் கேட்டது. ஆலங்கிணற்றில் எந்தெந்த முகத்தில் எந்தெந்தச் சாயம் இருந்ததோ அதெல்லாம் ஒரே நேரத்தில் பழையபடி ஆயிற்று, புளித்த காப்பி நாற்றமும் பீடி நாற்றமும் சொத்தைப் பல் நாற்றமுமாக, உதட்டிலும் கன்னத்திலும் இமையிலும் கொழகொழவென்று ஒழுகியது, வீடுகளில் வைத்திருந்த சிமிழ்களில் நுரைத்துப் பொங்கியது. பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்கள், ஓடுகிற வழியிலேயே வாந்தி எடுத்தார்கள். வினோதா தைத்து முடியாத ஜாக்கெட்டோடு அப்படியே ஓடினாள், பின்னால் அவள் அம்மா ஓடினாள், எல்லார் பின்னாலும் அண்ணாச்சி, நான் தட்டலட்டி, நான் தட்டல என்று கத்திக்கொண்டு ஓடினார். ஊரில் அன்று குழாய்த் தண்ணீர் விடும் நாள் இல்லை. குடத்துக்கும் தவலைக்கும் அடித்துக்கொள்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை, வந்ததாகச் சொன்னால் அது பொய்.

மஞ்சரி கீழே உட்கார்ந்து மூடியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் துப்பியது மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள், பிறகு ஒற்றை விரலால் தொட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பி, காதுக்குக் கீழே, தாடை முடிந்து கழுத்து ஆரம்பிக்கிற இடத்தில் வைத்து மெதுவாகப் பரப்பினாள். ஒருமுறை பரப்பினாள், முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள், மறுபடி பரப்பினாள். கண்ணாடியில் அவள் முகம் எனக்குத் தெரிந்தது, நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியை நிமிர்த்தி, மூடியில் மிச்சமிருந்ததை நகக்கண்ணால் சிந்தாமல் வழித்து அந்தக் காலிக் குழியில் நிரப்பினாள்.

"லூர்தக்கா, எங்க போட்டிருக்கேன்னு தெரியுதா?"

நான் வாயிலிருந்த கொக்கிகளை எல்லாம் உள்ளங்கையில் உமிழ்ந்துவிட்டு, எழுந்து பக்கத்தில் போய், தாடையைப் பிடித்துத் திருப்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன்.

"தெரியலட்டி" என்றேன்.